மாப்பிள்ளை திரும்பாத மூன்று ஞாயிறுகள்

அப்பா இறந்த அன்று அவருடைய மேஜையில் மூன்று சர்க்யூட் போர்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் அவற்றை அணைக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அந்த மேஜையில் பையை வைத்தார்கள், மூக்குக் கண்ணாடியை வைத்தார்கள், காலி டம்ளரை வைத்தார்கள். போர்டுகள் நிமிடத்துக்கு ஒருமுறை அறையின் வெப்பநிலையை அளந்து, ரூட்டர் வழியாக அவருடைய கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை: 'தொண்ணூறு நாள். யாரும் தொட வேண்டாம்.' அன்று ஐம்பத்தாறாம் நாள்.

அவர் வேலை பார்த்த கம்பெனியில் மொத்தம் பதினோரு பேர். மருந்து வைக்கும் குளிர் அறைகளில் மாட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்கிறார்கள். சோப்புப் பெட்டி அளவு. உள்ளே ஒரு சிப், ஒரு பேட்டரி, வயர் இல்லாமல் தகவல் அனுப்பும் வசதி. அறை சூடானால் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. புதிய மாடலுக்கு எந்த இயங்குதளத்தைப் போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு அப்பாவுடையது. எண்ணூறு கருவிகள் எண்ணூறு ஊர்களில் சுவரில் ஏறிய பிறகு 'தப்பாகிவிட்டது' என்று சொல்ல முடியாது.

மூன்று போர்டுகளில் மூன்று இயங்குதளங்கள். அவற்றின் உண்மைப் பெயர்களை அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. முதலாவது ஒல்லி. சின்னது, இலவசம், சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் வயர்லெஸ் பகுதியை நாமே உட்கார்ந்து கோக்க வேண்டும். வாரக்கணக்கில் கண் போகும். இரண்டாவது மாப்பிள்ளை. சிப் விற்றவர்களே கூடக் கொடுத்தது. எல்லாம் தயாராக வரும், அரை நாளில் ஓடத் தொடங்கிவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. மூன்றாவது பெரியப்பா. பெரிய கணினிகளில் ஓடுவதன் சுருக்கிய வடிவம். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. எழுந்து உட்காரவே ஒரு நிமிடம் ஆகும். சாப்பாடும் அதிகம், பேட்டரியை நாலு மாதத்தில் காலி செய்துவிடுவார்.

"பெரியப்பாவை எதுக்குப்பா வெச்சிருக்கீங்க? அவர்தான் தேற மாட்டாரே" என்று கேட்டேன்.

"கல்யாணம்னா பெரியப்பாவைக் கூப்பிடாம இருக்க முடியுமா? வந்து உக்காந்துட்டுப் போகட்டும்."

அப்பா தொலைபேசி நிலையத்தில் பழுது பார்ப்பவராக இருந்தவர். நாற்பத்து மூன்று வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். நான் ஒன்பதாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே மேஜை, ஒரே விளக்கு. அம்மா தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்ப்பாள். "ரெண்டு பசங்களுக்கும் பரீட்சை" என்று போனில் யாரிடமோ சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு இயல்பாக வரவில்லை. ஒரே பக்கத்தை நாலு நாள் படிப்பார். ஆனால் படித்தது பிறகு அவரை விட்டுப் போகாது. நான் எளிதாகக் கற்று, பெரிய கம்பெனியில் சேர்ந்து, நகரத்தின் மறு கோடிக்குப் போய்விட்டேன். அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு அவர் ஒரு மாடியில் இரண்டு அறைகளைப் பிடித்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கம்பெனிக்குப் போவார். மற்ற ஆறு நாளும் போர்டுகளோடு.

கம்பெனியில் அவருக்குப் பெயர் 'பிளக்பிடுங்கி'. அது துக்கத்துக்கு வந்த பேட்டரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மின்சுற்று வடிவமைப்பவர். பேட்டரி ஆயுளைப் பற்றி மட்டுமே பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

"எல்லாரும் ஒரு ஓ.எஸ் எவ்வளவு நல்லா ஓடுதுன்னு பாப்போம். உங்கப்பா ஓடறப்ப பாக்கவே மாட்டாரு. ஓடிட்டு இருக்கும், போய் ரூட்டர் பிளக்கைப் புடுங்குவாரு. திரும்ப மாட்டிட்டு, யார் எப்ப வர்றாங்கன்னு பாப்பாரு. முதலாளி ஒருநாள் கேட்டாரு, 'யோவ், ஒரு டைமர் வெச்சா அதுவே புடுங்கி மாட்டுமே, நீ எதுக்கு எழுந்து எழுந்து போற'ன்னு. 'டைமர் ஒழுங்கா புடுங்கும் சார். ஊர்ல யாரு ஒழுங்கா புடுங்கறான்'னாரு. ஆபீசே சிரிச்சுது."

நானும் சிரித்தேன். வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது ஒரு வியாழக்கிழமை. அவர்தான் அழைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றியாம்மா?"

"வர்றேன்பா. பாக்கலாம்."

"வரும்போது போனை ஆஃப் பண்ணிட்டு வா."

"ஏன்?"

"சும்மாதான். வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிடு."

நான் சாப்பிடும்போது போனைப் பார்ப்பேன். அம்மா இருந்தபோது அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

"போன தடவை நான் போன் பாத்துட்டே இருந்தேன்னு குத்திக் காட்டுறீங்களா? ரெண்டு பஸ் மாறி வர்றேன்பா. எனக்கும் ஆபீஸ்லேருந்து கூப்பிடுவாங்க."

"அய்யோ, அதுக்கில்லம்மா..."

"பரவாயில்லை விடுங்க. இந்த வாரம் எனக்கும் வேலை இருக்கு."

"சரிம்மா. ஒண்ணும் அவசரமில்லை."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை. துணி மடித்து வைத்தேன். தூங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பேருந்து வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே தங்கினேன். சாமான்களை ஒழிக்க வேண்டியிருந்தது. ஒழிக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், நான் வந்தால் எடுக்கும் இன்னொரு தட்டு. அலமாரியில் இஸ்திரி போட்ட ஐந்து சட்டை. ரூட்டர் இருந்த பலகையில் நூலில் கட்டிய பென்சிலோடு ஒரு சின்ன நோட்டு. முதல் பக்கத்தைத் திறந்தேன். தேதிகள், எதிரே டிக். ரத்த அழுத்த மாத்திரைக் கணக்கு என்று நினைத்து மூடிவிட்டேன். அதைப் பார்க்கத் தெம்பு இல்லை.

முதலாளி அழைத்தார்.

"ம்மா, கேக்கறதுக்கே சங்கடமா இருக்கு. அப்பா வேலையை இங்க யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியலை. அந்த மூணு பேரு பாஷை எங்க ஆளுங்களுக்குப் புரியாது. நீங்க இந்த லைன்ல இருக்கிறவங்க. பாத்து ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. கடைசி மூணு வாரத்து நம்பர் போதும். வெள்ளிக்கிழமை சிப் ஆர்டர் போடணும்."

"யார் பேர்ல எழுதட்டும் சார்?"

"அவர் பேர்லயே போகட்டும்மா. அவரோட வேலைதானே."

திங்கட்கிழமை, எழுபத்தாறாம் நாள், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பதிவுகளைத் திறந்தேன். கடைசி மூன்று வாரம் அழகாக இருந்தது. மூன்று கோடுகள், எங்கும் அறுபடாமல். ஒல்லி விட்ட செய்தி பூஜ்யம். மாப்பிள்ளை விட்டது பூஜ்யம். பெரியப்பாவும் பூஜ்யம், ஆனால் பேட்டரி இழுத்துக்கொண்டிருந்தது. மூவரும் சமம் என்றால் வேலை குறைவானதைத்தானே எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன்: 'மாப்பிள்ளை' என்பதற்குப் பதில் உண்மைப் பெயர், பரிந்துரை, கீழே அப்பாவின் பெயர். அனுப்பினேன். முதலாளி கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பினார்.

அவர் பெயரில் போகும் கடைசி வேலை. நன்றாக முடிந்தது என்று நினைத்தேன்.

மாலையில் கீழே போனேன். வீட்டை எப்போது காலி செய்வேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. கையில் ரிமோட்டோடு கதவைத் திறந்தார்.

"காலி பண்ணும்போது அந்த வைஃபையையும் எடுத்துட்டுப் போயிடுவியாம்மா?" என்று கேட்டார்.

"நீங்களும் அதுலதான் பாக்கறீங்களா ஆன்ட்டி?"

"உங்கப்பாதான் பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தாரு. 'நான் ஒருத்தன் எவ்வளவு டேட்டாதாங்க தீக்கறது, நீங்களும் தீத்து வைங்க'ன்னாரு. நல்ல மனுஷன். ஆனா ஒண்ணு. மத்தியானம் பன்னெண்டே முக்கால் ஆச்சுன்னா டாண்ணு நின்னுடும். நாடகத்துல அந்த மாமியார் வாயைத் தொறக்கிற நேரம் பாத்து நிக்கும். மேல போய்க் கேட்டேன். 'சாப்பிட உக்காரும்போது பிளக்கைப் புடுங்குவேங்க, எழுந்ததும் மாட்டிடுவேன்'ன்னாரு. என்ன வேண்டுதலோ, நமக்கெதுக்குன்னு வந்துட்டேன்."

"தினமுமா?"

"தினமும். நாடகம் நின்னா அவரு சாப்பிட உக்காந்துட்டாருன்னு அர்த்தம். அதுவும் என்ன சாப்பாடு! அள்ளிப் போட்டுட்டு எழுந்துடுவாரு. நான் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள நாடகம் வந்துடும். நீ வர்ற அன்னைக்கு மட்டும்தான் அதை மறந்துடணும். விட்டுப்போனதெல்லாம் ஞாயித்துக்கிழமை சேத்துப் பாக்கலாம்னு உக்காருவேன். அப்பனும் மகளும் மேல சாப்பிட்டுட்டே இருப்பீங்க. நானும் எழுந்து பாத்திரத்தைக் கழுவி, துணியைக் காயப்போட்டுட்டு வந்து பாத்தாலும் வந்திருக்காது."

ரிமோட்டின் பின்மூடியைத் திறந்தார், மூடினார்.

"இப்ப நிக்கிறதே இல்லைம்மா. அவரு போனதுலேருந்து ஒருநாள்கூட நிக்கலை. முழுசா பாக்கறேன்."

நான் படியேறி மேலே வந்தேன்.

அந்த மூன்று வாரக் கோடுகள் ஏன் அறுபடவில்லை என்று இப்போது தெரிந்தது. பிடுங்க ஆள் இல்லை. சோதனையே நடக்காத இருபது நாட்களின் எண்களை எடுத்து, மூவரும் தேறிவிட்டார்கள் என்று எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டிருந்தேன். முதல் வருட மாணவன்கூடச் செய்யாத தவறு. அந்த இருபது நாட்களுக்கு முந்தைய பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டே முக்காலுக்கு மூன்று கோடுகளிலும் ஒரு சின்னப் பள்ளம். ஐம்பத்தைந்தாம் நாள் வரை.

நோட்டை எடுத்தேன். அவை மாத்திரைக்கான டிக் இல்லை. பிளக்குக்கானவை. பெரும்பாலான நாட்களுக்கு டிக் மட்டும். நான்கு இடங்களில் எழுத்து இருந்தது.

'நாள் 12. மகள் வந்தாள். ஒல்லி, பெரியப்பா திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. ரீசெட் செய்தபின் வந்தான்.'

'நாள் 33. மகள் வந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. ரீசெட்.'

'நாள் 47. மகள். மாப்பிள்ளை வரவில்லை. அவள் வரும் நாட்களில் மட்டும் இப்படி. அவள் போன் குறுக்கிடுகிறதா? அடுத்த முறை அணைத்துவிட்டு வரச் சொல்லிச் சோதிக்க வேண்டும்.'

'நாள் 51. போனை அணைக்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும்.'

ஐம்பத்து நான்காம் நாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்த ஞாயிறு. வெறும் டிக்.

நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து பதிவுகளில் பள்ளங்களின் அகலத்தை அளந்தேன். அவர் தனியாகச் சாப்பிட்ட நாட்களில் ஆறு நிமிடம், ஐந்து, ஏழு, ஆறு. எட்டைத் தாண்டவில்லை. தொலைபேசி நிலையத்தில் இரண்டு மணியோசைக்கு நடுவே சாப்பிட்டுப் பழகியவர். "யாரு தொரத்துறா உங்களை?" என்று அம்மா கேட்பாள். பன்னிரண்டாம் நாள் நாற்பத்தொரு நிமிடம். முப்பத்து மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. நாற்பத்தேழாம் நாள் ஐம்பத்திரண்டு.

என் போன் எதையும் செய்யவில்லை. சாப்பிட்டு முடித்து, கை காயக் காயப் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு அது தெரியவில்லை. மின்சாரத்தை மைக்ரோ ஆம்பியரில் அளப்பவர், தான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று அளக்கவில்லை. கணினியில் எல்லாம் இருந்தது. பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார். கையில் வேறு காரணம் இருந்ததால் பார்க்கவில்லை. எல்லா நாளும் ஒரே சாப்பாட்டு நேரம்தான் என்று நினைத்திருக்கிறார்.

ஐம்பத்தைந்து நாளில் மூன்று முறை வந்திருக்கிறேன்.

அனுமானம் போதாது. செவ்வாய்க்கிழமை போனை அணைத்துவிட்டு ஆறு நிமிடம் பிடுங்கினேன். மூவரும் வந்தார்கள். புதன்கிழமை போனை அணைத்தே வைத்து நாற்பத்தைந்து நிமிடம். மாப்பிள்ளை வரவில்லை. வியாழக்கிழமை காலையிலிருந்து போனை ஆன் செய்து பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். இருபத்தொன்பது நிமிடம்: வந்தான். முப்பத்தொன்று: வரவில்லை. சிப் விற்றவர்களின் ஆவணத்தில் நானூறு பக்கம் தாண்டி ஒரு வரி கிடைத்தது. இணைப்பு கிடைக்காமல் முப்பது நிமிடம் தேடினால், பேட்டரியைக் காக்க வயர்லெஸ் பகுதி உறங்கிவிடும். எழுப்புவது யார் என்று அதில் இல்லை. மற்ற பகுதிகளுக்கு அது உறங்கியதே தெரியாது. பச்சை விளக்கு சிமிட்டும், நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும், அளந்ததை வைத்துக்கொண்டிருக்கும்.

முதலாளியை அழைத்தேன்.

"சார், திங்கட்கிழமை அனுப்பினது தப்பு. அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. ஒல்லியைத்தான் எடுக்கணும்."

"என்னம்மா குண்டைத் தூக்கிப் போடறீங்க. நாளைக்கு ஆர்டர். ஒல்லின்னா இன்னும் மூணு மாசம் வேலை இருக்கே."

காரணத்தைச் சொன்னேன். கேட்டார்.

"அரை மணி நேரம்தானே? ஒரு மணி நேரம் லைன் கிடைக்கலைன்னா தானா ரீஸ்டார்ட் ஆகட்டும்னு வெச்சிரலாமே."

"ரீஸ்டார்ட் ஆனா அந்த ஒரு மணி நேரத்து அளவு அழிஞ்சுடும் சார். கரண்ட் போனா ரூட்டரும் போகும், குளிர் மிஷினும் போகும். மருந்து கெடறது அந்த ஒரு மணி நேரத்துலதான்."

பின்னால் யாரோ இருமினார்கள், பேட்டரிக்காரராக இருக்கலாம்.

"பிளக்பிடுங்கி மகள்தான்மா நீங்க" என்றார் முதலாளி. "சரி. எழுதி அனுப்புங்க. ஆர்டரை நிறுத்தி வைக்கறேன். ஆனா இது நீங்க கண்டுபிடிச்சது. உங்க பேர்ல போடுங்க."

"அவர் பேரே இருக்கட்டும் சார்."

"முன்னாடியே தெரியுமா அவருக்கு?"

"வரலைங்கிறது தெரியும். மூணு தடவை எழுதி வெச்சிருக்காரு. ஏன்னு மட்டும்தான் தெரியலை."

வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. அதோடு சோதனையை நிறுத்தியிருக்கலாம். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அட்டையில் தொண்ணூறு நாள் என்று இருந்தது. விடுப்பை நீட்டித்துக்கொண்டேன். தினமும் பிடுங்கினேன். டிக் போட்டேன்.

தொண்ணூறாம் நாள் திங்கட்கிழமை. பன்னிரண்டே முக்காலுக்கு எனக்கு ஒரு தட்டு வைத்துக்கொண்டு, போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். கீழே நாடகம் பாதி வசனத்தில் நின்றது. ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"ஏம்மா, சாப்பிட உக்காந்துட்டியா?"

"ஆமா ஆன்ட்டி."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பது நிமிஷம்."

ரிமோட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மெதுவா சாப்பிடு. நான் பாத்திரம் கழுவப் போறேன்" என்றார்.

ஏழு நிமிடத்தில் தட்டு காலியாகிவிட்டது. மீதி முப்பத்து மூன்று நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது. கை காய்ந்து, விரல்களில் இழுத்துப் பிடித்தது. போன் பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

நேரமானதும் எழுந்து பிளக்கை மாட்டினேன். ஒல்லி பதினெட்டு நொடியில் வந்தான். பெரியப்பா ஒரு நிமிடம் கழித்து வந்தார். மாப்பிள்ளை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தான்.

நோட்டை எடுத்து எழுதினேன்: 'நாள் 90. மகள் வந்தாள்.'

கீழே நாடகம் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. பார்க்க ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.